விளக்குக் கம்பத்தடியில் நின்றவன்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
17.8.1997

அன்புள்ள பேரன் வாசுவுக்கு,

அன்றைக்கு அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் பேரை முதலில் எழுதிவிடுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முன்னால் மூங்கில் கழியோடு உன் தாத்தா. அடுத்து பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி, அவர் முதுகில் என் மாமியார் இராஜம்மா. அப்புறம் உன் அம்மா குணவதி, அப்போது பதினைந்து வயது. அப்புறம் நான். எனக்குப் பின்னால் பக்கிரிசாமி பெண்சாதி சின்னப்பொண்ணு. கடைசியில் என் தங்கை தங்கமணி. கயிற்றைப் பிடிக்காமல் முன்னும் பின்னும் நடந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டவன் உன் தாத்தாவின் தம்பி கார்த்திகேசு. இத்தனை பேர்தான். வேறு யாராவது இருந்ததாக எவராவது சொன்னால் அது பொய்.

பாட்டி ஏன் கிள்ளான் சின்னத் தாத்தாவோடு பேசுவதில்லை என்று போனில் உன் அம்மாவிடம் கேட்டாயாமே. அவள் சொல்ல மாட்டாள். நான் சொல்கிறேன்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஜனவரி மாத வெள்ளம். எங்கள் ரயில்வே லைன் வீடு ஆற்றோரம். மத்தியானம் வாசலில் இருந்த தண்ணீர் சாயந்தரம் ஜன்னலுக்கு வந்துவிட்டது. மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டோம். தங்கமணிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு ஒரு கால் சூம்பிப்போனது. "நான் கடைசியா வரேன்க்கா, நடுவுல நின்னா எல்லாரையும் இழுப்பேன்" என்றாள். அவள் நடக்கிற வேகத்துக்குத்தான் எல்லோரும் நடப்பது என்று பேச்சு. கார்த்திகேசு முதலுக்கும் கடைசிக்குமாய் நடந்து ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாய் அவளை. அவனுக்கு இட்ட வேலை அதுதான்.

பாதி வழியில் சீனர் காப்பிக்கடைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் குழந்தை அழுகிற சத்தம். கார்த்திகேசு அப்போது முன்னால் உன் தாத்தாவோடு இருந்தான். அவர் காதில் ஏதோ சொன்னான். அடைமழை, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டான். நாங்கள் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் "நடங்க" என்றார் உன் தாத்தா. நடந்தோம். சின்னப்பொண்ணு திரும்பிப் பார்த்தபோது கயிற்றின் நுனி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

தங்கமணியை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள்.

அவர் காதில் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று உன் தாத்தாவிடம் கேட்டேன். "நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் பின்னாலயே வந்து பிடிச்சிக்கிறேன்னான்" என்றார். வந்தானா? பக்கிரிசாமி தேடிக்கொண்டு திரும்பிப் போனபோது, அதே கம்பத்தடியில் அந்தச் சீனக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தானாம். பின்னாலேயே வருகிறேன் என்றவன், வராமல் மரம் மாதிரி அங்கே நின்றிருக்கிறான். எப்படி மன்னிப்பது?

அதோடு விட்டானா. தாய் தகப்பன் வெள்ளத்தோடு போன அந்தக் குழந்தையைத் தானே எடுத்து வளர்த்தான். நம் ஆட்கள் சீனப் பிள்ளை வளர்ப்பது புதிதில்லை. ஆனால் அதற்குத் தங்கமணி என்று பேர் வைத்தான். என் தங்கை பேரை எடுக்க என்னைக் கேட்டானா?

இப்போது அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணமாம். "அண்ணி வந்து முதல் மஞ்சள் பூசினாத்தான் நலங்கு. இல்லேன்னா என் மகளுக்கு நலங்கே வேணாம்" என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். தாலி இழந்தவள் மஞ்சள் தொடுவதா என்பதெல்லாம் அவனுக்குக் கணக்கில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். யாருக்கு நஷ்டம்?

எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முட்டி மட்டும் மழைக்கு வலிக்கும். நீ ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகாதே. அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று எனக்கு விளங்குகிற மாதிரி எழுது. உன் அம்மா சொல்வது அவளுக்கே விளங்கவில்லை.

உன் பாட்டி
சீதாலெட்சுமி

*

மெல்போர்ன்
4.9.1997

அன்புள்ள பாட்டிக்கு வாசு வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தங்கமணிப் பாட்டியைப் பற்றி எனக்கு இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படி ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. இருபத்து மூன்று வயதுப் பையன் சொல்லி நீங்கள் ஆறப் போகிறீர்களா?

வேலையைக் கேட்டீர்கள். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறோம். திரையில் காடு, ஆறு, ஊர் எல்லாம் இருக்கும். ஆடுகிறவர் மேலேயிருந்து பார்த்துத் தன் வீரர்களுக்குக் கட்டளை கொடுப்பார். தாயம் மாதிரி நீ ஒரு முறை நான் ஒரு முறை என்று இல்லை. எல்லாம் ஒரே சமயத்தில் நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால் எதிரி உங்கள் வீட்டைக் கொளுத்திவிடுவான்.

அதில் எனக்குக் கொடுத்திருப்பது இரண்டு கட்டளை. ஒன்று குழு. பத்து வீரர்களைச் சேர்த்து ஓர் எண் கொடுத்துவிட்டால், அந்த எண்ணைத் தட்டியதும் பத்துப் பேரும் ஒன்றாக நகர வேண்டும். இன்னொன்று ரோந்து. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை என்று காட்டிவிட்டால், ஒரு வீரன் போய்வந்துகொண்டே காவல் பார்க்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் அந்த வீரனுக்கு மூளை கிடையாது. எந்த நேரத்தில் என்ன செய்வான் என்பதை நான்தான் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் இது. ரோந்து போகிறவன் வழியில் ஓர் ஆபத்தைப் பார்க்கிறான். பாதையை விட்டு விலகிப் போகலாமா, கூடாதா? அலுவலகத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

மாத்திரையை மறக்காதீர்கள். இங்கே குளிர் குறைந்துவிட்டது.

அன்புடன்
வாசு

*

பிரிக்பீல்ட்ஸ்
25.9.1997

அன்புள்ள வாசுவுக்கு,

ஊரெல்லாம் புகை. அக்கரையில் சுமத்ராவில் காடு எரிகிறதாம். எதிர் வரிசை வீடே தெரியவில்லை. உன் அம்மா மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறேன். இருமல் இல்லை, பயப்படாதே.

நீ கேட்டதில் யோசிக்க என்ன இருக்கிறது? விலகக் கூடாது. காவலுக்கு என்று விட்டவன் காவலைத்தான் பார்க்க வேண்டும். உலகத்தில் ஆயிரம் பேர் அழுவார்கள். அழுகிறவர்களுக்காகவெல்லாம் அவன் போய்விட்டால் அவனை நம்பி நடக்கிறவள் கதி என்ன? இப்படியே எழுதிவை. உன் முதலாளி கேட்டால் கோலாலம்பூரிலிருந்து என் பாட்டி சொன்னாள் என்று சொல். இன்னொன்று, எல்லோரும் மெதுவாக நடப்பவர் வேகத்துக்கே நடக்க வேண்டும். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். இதையும் எழுது.

பக்கத்து வீட்டு மார்க்கிரட், "பட்டம் படிச்சிட்டு பொம்மைய நடக்க வைக்கவா ஆஸ்திரேலியா போனான் உன் பேரன்?" என்று கேட்டாள். "உன் மகன் பேங்குல உக்காந்து அடுத்தவன் காச எண்ணுறான், என் பேரன் படையையே நடத்துறான் லா" என்றேன். இரண்டு நாளாக அவள் வாசலுக்கு வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியிலேயே காலத்தை ஓட்டாதே.

உன் பாட்டி
சீதாலெட்சுமி

*

மெல்போர்ன்
12.10.1997

அன்புள்ள பாட்டிக்கு,

புகை குறைந்ததா? இங்கே டிவியில் காட்டுகிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே எழுதினேன், உங்கள் பேரையும் சொன்னேன். எங்கள் முதலாளி டக் அதற்கு 'சீதா சட்டம்' என்று பேர் வைத்தார். பிறகு எலெனி வந்து ஆடிப் பார்த்தாள். விளையாட்டில் என்ன கோளாறு என்று ஆடிக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

அவள் ஒரு வீரனை ஊர் எல்லையில் ரோந்து விட்டாள். பத்தடி தள்ளிக் களஞ்சியம் தீப்பிடித்து எரிகிறது. உள்ளேயிருந்து ஆட்கள் ஓடி வருகிறார்கள், எதிரி வெட்டுகிறான். நம் வீரன் அவர்களைத் தாண்டிப் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் தாண்டிப் போனான். அலுவலகமே சிரித்தது. எலெனி சிரிக்கவில்லை. "இவனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு அவனைத் தானே அழித்துவிட்டாள்.

குழுவும் சரிவரவில்லை, பாட்டி. காலில் அடிபட்ட ஒருவன் ஆற்றுக்கு நடுவில் நின்றான். சட்டப்படி எல்லோரும் நின்றார்கள். கரையிலிருந்து வந்த அம்பில் பத்துப் பேரும் போய்விட்டார்கள்.

அதனால் மாற்றுகிறேன். ரோந்து போகிறவன் ஓர் எல்லை வரைக்கும் விலகிப் போகலாம், வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிட வேண்டும். இந்த மாதிரி மாற்றியதற்கு என் மேல் கோபப்படாதீர்கள்.

தீபாவளிக்கு வர முடியவில்லை. உங்கள் அதிரசத்தை நினைத்துக்கொண்டு கடையில் வாங்கிய பிஸ்கட்டைத் தின்பேன்.

அன்புடன்
வாசு

*

பிரிக்பீல்ட்ஸ்
3.11.1997

அன்புள்ள வாசுவுக்கு,

தீபாவளி நல்லபடி போனது. புகையும் விட்டது. உனக்குப் புதுச் சட்டை எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். வரும்போது போட்டுக்கொள். குண்டாகிவிட்டால் அது உன் பாடு.

உன் எலெனி யாரோ எவளோ, ஆற்று நடுவில் ஆட்களை நிற்க வைக்கச் சொல்லி அவளிடம் யார் சொன்னது? அதைவிடு. விலகிப் போகலாம் என்று எழுதிவிட்டாய், சரி, உன் இஷ்டம். ஆனால் திரும்பி வரட்டும். எங்கேயாவது போய்க் கம்பத்தடியில் நிற்காமல் வரட்டும்.

தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பெண் வந்தாள். அவள்தான், கார்த்திகேசு வளர்த்தவள். நான் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கையில் முறுக்கு டின்.

"பெரியம்மா, நான் தங்கமணி. உள்ள வரலாமா?"

"எந்தத் தங்கமணி?"

"கிள்ளான் தங்கமணி."

"எனக்குத் தெரிஞ்ச தங்கமணி ஒருத்திதான்."

"தெரியும் பெரியம்மா. அவங்க போட்டோ எங்க வீட்டு சாமி அறையில இருக்கு. வருசா வருசம் ஜனவரியில அவங்க போன அன்னிக்கு அப்பா நாள் முழுக்கச் சாப்பிட மாட்டாரு."

வெயிலில் முகம் சிவந்து நின்றாள். சீன முகம், நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகை. பேச்சு நம் வீட்டுப் பிள்ளை மாதிரி.

"யார் உன்ன அனுப்புனது? அவனா?"

"ஐயோ இல்ல. போகாதேன்னுதான் சொன்னாரு. அண்ணி திட்டுவாங்க, ஆனா தண்ணி குடுக்காம அனுப்ப மாட்டாங்கன்னாரு."

அவன் அப்படிச் சொன்னதுக்காகவே கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். கொடுத்தேன். கம்பிக்கு நடுவில் கையை விட்டு வாங்கிக் குடித்தாள்.

"நலங்குக்கு வரலேன்னா பரவால்ல பெரியம்மா. ஆனா என் பேர நீங்க திருப்பிக் கேட்டா நான் என்ன செய்யிறது? அடையாள அட்டை ஐசியிலயே அதான் இருக்கு" என்று சிரித்தாள்.

டின்னை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். ரயில்வே யார்டை உடைத்துப் புது ஸ்டேஷன் கட்டுகிறார்களே, அந்தப் பங்களாதேஷ் பையன்களிடம் முறுக்கைக் கொடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பாட்டி
சீதாலெட்சுமி

*

மெல்போர்ன்
20.11.1997

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? முட்டி வலிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். வாசம் பிடிக்காவிட்டாலும் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதலாமா என்று நான்கு நாளாக யோசித்தேன்.

எலெனி ஒரு கோளாறு கண்டுபிடித்தாள். குழுவில் ஒருவன் யாரையோ காப்பாற்ற விலகிப் போகிறான். வேலை முடிந்து திரும்புகிறான். குழு அங்கே இல்லை, தூரத்தில் போய்விட்டது. அவன் தேடிப் போகவில்லை. வெறும் மைதானத்தில் போய் நிற்கிறான். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிறான். "உன் ஆளுக்குப் பைத்தியமா?" என்றாள்.

மூன்று நாள் அவனிடம் கோளாறு தேடினேன். ஒன்றும் இல்லை. நான் எழுதியது இப்படி: விலகிப் போகும்போது குழுவுக்கு 'நட' என்று கட்டளை இருந்தால், திரும்பியதும் குழு போகிற இடத்துக்கு ஓடிப் பிடிப்பான். 'நில்' என்று கட்டளை இருந்தால், எந்த இடத்தில் விட்டுப் போனானோ அந்த இடத்துக்கே திரும்புவான். அவன் 'நில்' என்பதை நம்பிப் போயிருக்கிறான். அவன் போன பிறகு முன்னால் இருந்த தலைவன் நடக்க ஆரம்பித்திருக்கிறான். அந்த மாற்றம் விலகிப் போனவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. கோளாறு பின்னால் இல்லை, முன்னால்.

அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு உங்கள் முதல் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன்.

பாட்டி, 'நீங்க போங்க, பின்னால வந்து பிடிச்சிக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர், குழந்தையோடு பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தானே ஓடியிருப்பார்? சின்னத் தாத்தா ஏன் கம்பத்தடிக்குத் திரும்பினார்? 'நில்லுங்க' என்று சொல்லிவிட்டுப் போனவர்தானே அங்கே வருவார்?

நான் தப்பாக யோசித்திருந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அன்புடன்
வாசு

*

மெல்போர்ன்
22.12.1997

அன்புள்ள பாட்டிக்கு,

சுகம்தானே? தைலம் வந்ததா? ஒரு வரி போதும்.

இங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை. அலுவலகத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

வாசு

*

மெல்போர்ன்
11.1.1998

அன்புள்ள பாட்டிக்கு,

உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, என் பேரை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறீர்கள் என்று அம்மா போனில் சொன்னார். நான் தாத்தாவைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டேன். எனக்கு அவர் என்றால் மடியில் உட்கார்ந்து ரயில் பார்த்ததுதான் முதலில் ஞாபகம் வரும். நல்லவர். மன்னித்துவிடுங்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

வாசு

*

பிரிக்பீல்ட்ஸ்
22.1.1998

அன்புள்ள வாசுவுக்கு,

கிழிக்கவில்லை. தைலம் வந்தது. குதிரைக்குத் தேய்ப்பது மாதிரி நாறுகிறது, ஆனால் வலிக்குக் கேட்கிறது. நீ நன்றாக இருக்கிறாயா? தனியாக அலுவலகத்தில் உட்கார்ந்திருக்காதே.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் நீ எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன். பொம்மையை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரை எடை போடுகிறான் என்று. எட்டு நாள் அப்படித்தான் போனது. ஒன்பதாம் நாள், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கே தோன்றியது, ஆமாம், ஏன் கம்பத்தடிக்கு வந்தான்? இந்தக் கேள்வியை எனக்கு இத்தனை வருஷம் கேட்கத் தெரியவில்லையே. அப்புறம் தூக்கம் போய்விட்டது.

பக்கிரிசாமி இப்போது காஜாங்கில் மகனோடு இருக்கிறார். டிசம்பரில் ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். கார்த்திகேசுவை அவர்தானே முதலில் கண்டார். அவன் அங்கே நின்று என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டேன்.

"என்ன செய்வான்? நிக்கச் சொன்னேனே, நிக்கச் சொன்னேனேன்னு கத்திக்கிட்டு நின்னான். அதை உங்க வீட்டுக்காரருகிட்ட அன்னிக்கே சொன்னேனே தாயி. சரி, நான் பாத்துக்கிறேன்னாரு."

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் எங்கேயும் போகவில்லை. பொங்கல் கழிந்து ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

கார்த்திகேசு மேல்சட்டை இல்லாமல் வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டின உடம்பு, இப்போது எலும்பும் தோலுமாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தான்.

"வாங்க அண்ணி. உக்காருங்க."

"உக்கார வரல. அன்னிக்கு உங்க அண்ணன் காதுல என்ன சொல்லிட்டுப் போன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பழசு எதுக்கு அண்ணி இப்ப."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

உள்ளேயிருந்து அவன் பெண்சாதி லோகாம்பாள் கரண்டியோடு வந்தாள். "சொல்லித் தொலைங்களேன்! எத்தன வருசத்துக்கு என்கிட்ட மட்டும் பொலம்பிக்கிட்டு இருப்பீங்க? கேட்க வேண்டியவங்களே வந்து நிக்கிறாங்க!"

"அண்ணே, இங்கயே நில்லுங்க, தங்கமணி கயித்த விட்டுடப் போவுது, நான் இதோ வந்துடுறேன்னேன். அண்ணன் தலையாட்டுனாரு. அதப் பாத்துட்டுத்தான் அண்ணி நான் போனேன்."

"சாவு வீட்டுல அத்தன பேர் முன்னால உன்னச் செருப்பால அடிச்சேனே. அப்ப வாயில என்ன வச்சிருந்த?"

"அண்ணன் உங்க பக்கத்துலதான் நின்னாரு. அவரு சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அவருதான் சொல்லலியே. அப்புறம் நீ சொல்றதுக்கென்ன?"

"எப்ப அண்ணி சொல்றது? அவரு இருக்கும்போது நீங்க அவரோட வாழணும். செத்தப்புறம் அவர நெனச்சி வாழணும்."

எனக்கு அவனைத் திட்டுவதற்கு எவ்வளவோ வார்த்தை உண்டு. திட்டாமல் உட்கார்ந்துவிட்டேன். முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு மிச்ச வெங்காயத்தை உரித்தேன். அவனும் உரித்தான். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயத்துக்கு என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்.

அங்கேதான் சாப்பிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பாட்டி
சீதாலெட்சுமி

*

மெல்போர்ன்
1.2.1998

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். எலெனி வந்து என்ன என்று கேட்டாள். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

கோளாறைச் சரிசெய்துவிட்டேன். இப்போது முன்னால் இருப்பவன் நகர்ந்தால், விலகிப் போனவனுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். அது மட்டும்தான் என்னால் முடிந்தது. குழு நிற்க வேண்டுமா நடக்க வேண்டுமா என்பதற்கு இன்னும் ஒரு நல்ல விதி கிடைக்கவில்லை. நின்றால் சில நேரம் எல்லோரும் போய்விடுகிறார்கள். நடந்தால் ஒருவர் போய்விடுகிறார். டக் சொல்கிறார், அதை ஆடுகிறவர் கையில்தான் விட வேண்டும் என்று.

தாத்தாவுக்கு முன்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, பாட்டி. பின்னால் அவருடைய அம்மா, மகள், நீங்கள். அவர் நடந்திருக்காவிட்டால் அம்மா இருந்திருக்க மாட்டார், நானும் இருந்திருக்க மாட்டேன். இதையும் யோசியுங்கள்.

ரிங்கிட் மதிப்பு விழுந்து கிடக்கிற நேரத்தில் அம்மா டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். இந்த மாதம் விளையாட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். சின்னத் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் போவீர்கள்தானே?

அன்புடன்
வாசு

*

பிரிக்பீல்ட்ஸ்
10.2.1998

அன்புள்ள வாசுவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இரு. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் நடந்தது. நான் இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டேன். சமையல்காரன் சாம்பாரில் புளி கரைத்த லட்சணத்தைப் பார்த்து, நான் போயிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்காதவர்களிடம் நானே சொன்னேன்.

நலங்குக்கு மணையில் உட்காரவைத்து என்னைக் கூப்பிட்டார்கள். மஞ்சளைத் தொட்டு அவள் இரண்டு கன்னத்திலும் பூசினேன். கொஞ்சம் அதிகமாகவே அப்பிவிட்டேன். "மெதுவா பெரியம்மா, மூக்குல போவுது" என்றாள். "தங்கமணி, ஆடாம உக்காரு" என்றேன். அந்தப் பேரைச் சொல்லி ஓர் ஆளைக் கூப்பிட்டு இருபத்தேழு வருஷம் ஆகிறது. அவள் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். தூண் பக்கத்தில் கார்த்திகேசு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். "இங்க வந்து நில்லு, போட்டோ எடுக்கிறாங்க" என்றேன். வந்து என் பக்கத்தில் நின்றான். படம் அச்சானதும் அனுப்புகிறேன். மாப்பிள்ளை செமினி ஊர்ப் பையன், பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் வழுக்கை. நல்ல மாதிரி.

உன் எலெனிக்கு எங்கள் ஊர் காரம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

உன் பாட்டி
சீதாலெட்சுமி

பின்குறிப்பு: யோசிக்கச் சொல்லியிருந்தாய், யோசித்தேன். அன்றைக்கு நடந்ததற்கு உன் தாத்தாவை நான் குற்றம் சொல்லவில்லை. தண்ணீர் ஏறியது, பெற்ற தாயும் மகளும் பின்னால் இருந்தார்கள், நடந்தார். அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீர் ஏதும் ஏறவில்லையே. பதினெட்டு வருஷம் என் கையால் சாப்பிட்டார். சாப்பிடும்போதெல்லாம் அவர் தம்பியை நான் திட்டினேன், சபித்தேன், அவன் அனுப்பியதையெல்லாம் தெருவில் கொட்டினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அவன் நிக்கத்தான் சொன்னான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்று என்றுதான் சொன்னார். தினமும் அவர் படத்துக்கு விளக்கேற்றுகிறேன், சாகும்வரை ஏற்றுவேன். அது வேறு. கட்டின நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. இன்றைக்கு எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான். சபாபதி.